மண் பழுப்பும் பிணப் பழுப்பும்

ஆர்தர் ஹெர்பர்ட் சர்ச் லண்டன் ராயல் அகாடமியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். ஓவிய வண்ணங்களின் வேதியியல் பற்றி அவர் எழுதிய நூல் 1890இல் முதற்பதிப்பு கண்டது. லண்டன் வண்ண வியாபாரி ஒருவர் தம்மிடம் சொன்ன கணக்கை அதில் அவர் போகிறபோக்கில் பதிவுசெய்திருக்கிறார். ஒரே ஒரு எகிப்திய மம்மி கைவசம் இருந்தால் வாடிக்கையாளர்களுக்கு 20 வருடத்துக்குக் காணும் என்றாராம் அந்த வியாபாரி. மளிகைக் கடைக்காரர் புளி மூட்டையைப் பற்றிப் பேசுகிற தொனி. பேச்சோ மனித உடலைப் பற்றியது. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் இறந்து, பாடம் செய்யப்பட்டு, துணி சுற்றி அடக்கம் செய்யப்பட்ட ஒருவரை எலும்பு, தசை, பிசின் என்று பாராமல் அரைத்து எண்ணெயில் குழைத்தால் வருவது ‘மம்மி பிரவுன்’. ஐரோப்பிய ஓவியர்கள் அதைச் சில நூற்றாண்டுகள் காசு கொடுத்து வாங்கிப் பூசினார்கள்.

நீலத்துக்காக ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலையிலிருந்து கல் இறக்குமதி செய்தார்கள் என்றால் புரிகிறது. அந்தக் கல் வேறெங்கும் எளிதில் அகப்படாது. சிவப்புக்காக மெக்சிகோவின் சப்பாத்திக்கள்ளியில் வளரும் பூச்சியைக் கப்பலேற்றியதும் புரிகிறது. பழுப்பு அப்படியா? காலடி மண்ணில் கிடக்கும் நிறம். அதற்காக ஏன் கல்லறை வரை போனார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், ஓவியருக்கும் அவர் கையாளும் பொருளுக்கும் இடையே உறவு எப்படி அறுந்தது என்ற கதை வந்து நிற்கிறது.

முதலில் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். வானவில்லில் பழுப்பு கிடையாது. சுற்றியுள்ள வெளிச்சத்தைவிட மங்கலாக இருக்கும் ஆரஞ்சைத்தான் நம் கண் பழுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. பழுப்பாகத் தெரியும் ஒரு வட்டத்தை, சுற்றிலும் வேறெதுவும் இல்லாத இருட்டறையில் தனியாக ஒளிரவிட்டால் அது ஆரஞ்சாகவே தோன்றும். பக்கத்தில் அதைவிடப் பிரகாசமான ஒன்று இருந்தால்தான் பழுப்பு பழுப்பாகிறது. ஓவியருக்கு அது நிழலின் நிறம் ஆனது இதனால்தான். கன்னத்தின் ஒரு பக்கம் வெளிச்சம் விழுந்தால் மறுபக்கம் கறுப்பாவதில்லை, பழுப்பாகிறது. சட்டை மடிப்பு, மரத்தடி, அறை மூலை எல்லாவற்றிலும் இதே கதை. ஓவியர்கள் பழுப்பைத் தேடினார்கள் என்பதைவிட நிழலைத் தேடினார்கள் என்பதே சரி.

அதற்கான பொருள் மண்ணிலேயே இருந்தது. தென்னாப்பிரிக்காவின் தென்கரையில் உள்ள பிளாம்போஸ் குகையில் 2008ஆம் ஆண்டு இரண்டு பெரிய கடற்சிப்பி ஓடுகளைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தார்கள். சுமார் 1,00,000 ஆண்டுகள் பழையவை. காவிக்கல் பொடியோடு நொறுக்கிய எலும்பும் கரியும் கலந்த கலவை அவற்றில் ஒட்டியிருந்தது. அரைத்த கற்களும் அருகிலேயே கிடந்தன. உலகில் அகப்பட்ட மிகப் பழைய வண்ணக் கிண்ணங்கள் என்று இவற்றைச் சொல்லலாம். எதற்குப் பூசினார்கள் என்பதற்குச் சான்றில்லை. பிரான்சின் லாஸ்கோ குகைக்கு வரும்போது, சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன், இரும்பு மண்ணும் மாங்கனீசு மண்ணும் சேர்ந்து காளையாகவும் குதிரையாகவும் சுவரில் ஏறிவிட்டன.

இந்த மண்களின் வேதியியல் எளியது. இரும்பு ஆக்சைடோடு நீர் சேர்ந்திருந்தால் கோத்தைட், அது மஞ்சள் காவி. நீர் போய்விட்டால் ஹெமடைட், அது செங்காவி. இதில் சிறிதளவு மாங்கனீசு ஆக்சைடு கலந்திருந்தால் நிறம் பழுப்பை நோக்கிச் சாய்கிறது. இத்தாலியின் தஸ்கனி வட்டாரத்தில் அமியாத்தா மலைப் பக்கம் கிடைத்த சியன்னா மண் இந்த வகை. மாங்கனீசு கூடுதலாக இருந்தால் கரும்பழுப்பு. சைப்ரஸ் தீவிலிருந்து வந்த அம்பர் மண் அதற்குப் பேர்போனது. மஞ்சள் கலந்த சியன்னாவைச் சூளையில் சுட்டால் நீர் வெளியேறிச் செம்பழுப்பாகிறது. வெளிறிய களிமண் சூளைக்குள் போய்ச் செங்கல்லாக வெளியே வருவதிலும் பெரும்பகுதி இதே வேலைதான் நடக்கிறது. இன்று பள்ளிப் பிள்ளைகளின் வண்ணப் பெட்டியில் இருக்கும் ‘பர்ன்ட் சியன்னா’, ‘பர்ன்ட் அம்பர்’ இரண்டும் இந்தச் சுட்ட மண்களின் பெயர்கள்.

ஓவியர் தன் மண்ணை எப்படி அறிந்திருந்தார் என்பதற்கு என்னிடம் உள்ள மிகச் சிறந்த சாட்சி சென்னினோ சென்னினி. 1400ஐ ஒட்டி இத்தாலிய மொழியில் ஓவியத் தொழில்முறை பற்றிக் கையேடு எழுதியவர். மஞ்சள் காவியைப் பற்றிச் சொல்ல வரும் இடத்தில் செய்முறையை நிறுத்திவிட்டு ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறார். தந்தை ஆந்திரேயா அவரைத் தம் ஊரான கோல்லே தி வால் தெல்சாவை ஒட்டிய காட்டுப் பகுதிக்கு அழைத்துப்போகிறார். ஒரு சிறு பள்ளத்தாக்கில், செங்குத்தாக இருந்த மண்சுவரைச் சுரண்டிப் பார்க்கிறார்கள். உள்ளே பல நிறத்தில் மண் நரம்புகள். மஞ்சள் காவி, அடர் சிவப்பு, வெளிர் சிவப்பு, வெள்ளை, நீலம்கூட. வெள்ளையைக் கண்டதும்தான் அவருக்குப் பெரிய அதிசயம். மனித முகத்தில் சுருக்கம் ஓடுவதுபோல அந்த நிறங்கள் மண்ணில் ஓடின என்கிறார். பேனாக் கத்தியை எடுத்து, காவி நரம்பு போகும் வழியிலேயே உள்ளே குடைந்து போகிறார். அங்கே எடுத்த காவியைப்போல அழகான, குறையற்ற காவியைத் தாம் ருசித்ததே இல்லை என்ற பொருளில் சொல்லிவிட்டு மறுபடி செய்முறைக்குத் திரும்புகிறார்.

தொழில்நூலில் தந்தையின் பெயர் வரும் இடம் எனக்கு எப்போதும் பிடித்தமானது. ஆனால் இதை வைத்து அந்தக்கால ஓவியர்கள் எல்லாரும் மண்வெட்டியோடு திரிந்தார்கள் என்று கற்பனை செய்துகொள்ளக் கூடாது. புளோரன்ஸ் நகர ஓவியர்கள் 14ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள், மருந்துக் கடைக்காரர்களின் சங்கத்தில்தான் உறுப்பினர்களாக இருந்தார்கள். வண்ணப்பொடி விற்றது மருந்துக் கடை. வயிற்றுவலிச் சூரணமும் நீலக்கல் பொடியும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. பின்னால் பிணம் வண்ணப் பெட்டிக்குள் வந்து சேர்ந்த வாசல் இதுதான். ஆயினும் வாங்கி வந்ததை அரைத்தது ஓவியரின் பட்டறை. பளிங்குக்கல்லில் மணிக்கணக்காக அரைத்த சீடப்பிள்ளைக்கு எந்தப் பொடி நெறுநெறுக்கும், எது சேறாகும், எது எண்ணெயை அதிகம் குடிக்கும் என்று கை சொல்லிவிடும்.

மண் பழுப்புக்கு இன்னொரு குணம் உண்டு. ஆளிவிதை எண்ணெய் ‘காய்வது’ நீர் காய்வதுபோல் ஆவியாகி நடப்பதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்படுகிறது. மாங்கனீசு இந்த வேலையை விரைவுபடுத்தும். அதனால் அம்பர் பூச்சு மற்ற வண்ணங்களைவிடச் சீக்கிரம் உலரும். படத்தின் அடிப்பூச்சுக்கு அம்பரை எடுத்தவர்களுக்கு வேதியியல் தெரியாது. காலையில் போட்ட கோடு சீக்கிரம் கெட்டியாகிவிடும் என்பது தெரியும். நிழலையும் கொடுத்து, மேலே வரும் அடுக்குக்கு உறுதியான தரையையும் கொடுத்த மண் அது. பின்னால் அதன் இடத்துக்கு வந்த பொருள்கள் நேர்மாறாக நடந்துகொண்டன.

சுண்ணச் சுவரில் தீட்டியவர்களுக்கு மண்ணை விட்டு வேறு பொருளைத் தேடும் சபலமே எழ வழியில்லை. சுண்ணாம்பின் காரம் தாவரச் சாயங்களில் பலவற்றைத் தின்றுவிடும். தாங்கி நிற்பவை பெரும்பாலும் மண்ணும் கல்லும்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றுப் பாதையில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் 11ஆம் நூற்றாண்டுச் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி வெளிக்கொணர்ந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் அந்தப் பூச்சையும் வண்ணங்களையும் சோதித்து எழுதினார். மஞ்சள் காவி, செங்காவி, பச்சை மண், சுண்ணாம்பு, கரி என்று நீள்கிறது அந்த வண்ணப் பட்டியல். மேலே இன்னொரு காலத்தின் பூச்சு ஏறி மூடிய பிறகும் அந்த முகங்களின் பழுப்பு அப்படியே இருந்தது.

ஐரோப்பாவில் எண்ணெய் ஓவியம் வேறு திசையில் போயிற்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கித்தானுக்கு வெள்ளை அடித்தளம் இடும் வழக்கம் தளர்ந்து பழுப்பு அடித்தளம் பரவியது. கரவாஜ்ஜியோ கரும்பழுப்புத் தளத்திலிருந்து வெளிச்சத்தை வெளியே இழுத்தார். நிழல் வேண்டிய இடத்தில் தளத்தையே அப்படியே விட்டுவிட முடிந்தது, உழைப்பும் மிச்சம். 1642இல் ரெம்பிராண்ட் முடித்த ‘இரவுக் காவல்’ என்ற பெரிய படத்தின் அடித்தளம் குவார்ட்ஸ் மணலும் களிமண்ணும் எண்ணெயில் குழைத்த பழுப்புக் கலவை. ஏறக்குறையப் பானை வனைகிற மண்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மண் என்பது துகள். எண்ணெயில் எவ்வளவு நைசாக அரைத்தாலும் துகள் துகள்தான். ஒளியைக் கொஞ்சமாவது தடுக்கும், சிதறடிக்கும். சியன்னா ஓரளவு ஒளி ஊடுருவும் மண். அம்பர் அந்த அளவுக்கு இல்லை. ஓவியர்கள் விரும்பியதோ ஆழம். கண் உள்ளே இறங்கிப்போய், கீழே இருக்கும் வடிவம் மங்கலாகத் தெரிந்து, மேலே பொன்பழுப்பாக மினுங்குகிற நிழல். அதற்கு ஒளி தடையின்றி ஊடுருவும் பழுப்பு வேண்டும். அது மண்ணில் கிடைப்பதைவிட, ஒருகாலத்தில் உயிரோடு இருந்து மட்கிய பொருளில் எளிதாகக் கிடைத்தது.

முதலில் வந்தது காசல் மண். ஜெர்மனியில் காசல், கொலோன் நகரங்களின் சுற்றுப்புறத்தில் தோண்டியெடுத்தது. மண் என்று பெயரே தவிர, மரமும் செடியும் மட்கி நிலக்கரியாகும் வழியில் பாதியில் நின்ற பொருள் அது. நெய்வேலியில் வெட்டியெடுக்கிறார்களே பழுப்பு நிலக்கரி, அதன் நெருங்கிய உறவு. ரூபன்ஸ், ரெம்பிராண்ட் காலத்து ஓவியர்கள் அதைக் கையாண்டார்கள். வான் டைக்கின் பெயரை அதற்குச் சூட்டி ‘வான்டைக் பிரவுன்’ ஆக்கியது பிற்கால வியாபாரம். பூசிய அன்று அருமையாக இருக்கும். எண்ணெயில் மெதுவாக உலரும். ஒளியில் வெளிறி உயிரற்ற சாம்பலாகும்.

காகிதத்தில் வரைந்தவர்களுக்கு வேறு வழிகள் இருந்தன. பீச் மரக் கரியடுப்பின் புகைக்கரியைக் கரைத்துச் செய்த பிஸ்டர், கணவாய் மீனின் மைப்பையிலிருந்து எடுத்த செபியா. செபியாவை ஓவியக்காரர்களின் பண்டமாக்கிப் புகழ்பெறச் செய்தவர் டிரெஸ்டனைச் சேர்ந்த யாக்கோப் சைடல்மான், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் 1805இல் கோத்தே நடத்திய வைமார் போட்டியில் பரிசு வாங்கியது செபியா வரைபடங்களுக்குத்தான். அதற்கு முந்தைய காலத்து வரைபடங்களைச் செபியா என்று யாராவது எழுதியிருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது. பெரும்பாலும் பிஸ்டராகவோ, பழுத்துப்போன இரும்பு மையாகவோ இருக்கும்.

18ஆம் நூற்றாண்டில் பழுப்பு ஒரு தேவை என்ற நிலையைக் கடந்து மோகமானது. அந்த மோகத்தின் அடியில் இருந்தது ஒரு பிழையான பார்வை. பழைய மேதைகளின் படங்கள் மேல் பூசிய மரப்பிசின் வார்னிஷ் நாளாக நாளாக மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். விளக்குப் புகையும் தூசும் சேரும். 150 வருடம் கழித்துப் பார்ப்பவர் கண்ணுக்கு டிஷியனும் ரெம்பிராண்டும் பொன்பழுப்பில் ஊறிக் கிடப்பதாகத் தெரியும். அழுக்கை அவர்கள் மேதைமை என்று எடுத்துக்கொண்டார்கள். ‘இரவுக் காவல்’ படத்துக்கு அந்தப் பெயரே ரெம்பிராண்ட் வைத்ததல்ல. இருண்டுபோன படத்தைப் பார்த்தவர்கள் பிற்பாடு வைத்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து 1946-47இல் சுத்தம் செய்தபோது, காவலர்கள் பட்டப்பகல் வெளிச்சத்தில் புறப்பட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

இந்த மயக்கத்தின் முழு உருவம் சர் ஜார்ஜ் போமாண்ட். பணக்காரர், ரசிகர், தாமும் படம் போடுவார். லண்டன் நேஷனல் கேலரி தொடங்கத் தம் சேகரிப்பிலிருந்து படங்களைக் கொடுத்த புண்ணியவான். நிலக்காட்சி ஓவியம் பழைய வயலினின் நிறத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஜான் கான்ஸ்டபிள் அவர் வீட்டில் விருந்தாளியாக இருந்தபோது நடந்ததைக் கான்ஸ்டபிளின் நண்பர் சி.ஆர். லெஸ்லி 1843இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். போமாண்ட் வயலின் நிறத்தைப் பரிந்துரைத்ததும் கான்ஸ்டபிள் வாதாடவில்லை. ஒரு பழைய வயலினை எடுத்துப்போய் வீட்டுமுன் பச்சைப் புல்தரையில் வைத்துவிட்டார். படத்தில் பழுப்பு மரத்தை எங்கே வைப்பது என்பது உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா என்று போமாண்ட் இன்னொரு சமயம் கேட்டாராம். நான் என் படத்தில் அப்படியொன்றை வைப்பதே இல்லையே என்றார் கான்ஸ்டபிள்.

கான்ஸ்டபிளைப்போல எல்லாரும் தப்பவில்லை. மேதைகளின் ரகசியம் ஏதோ ஒரு கலவையில் ஒளிந்திருக்கிறது என்று நம்பியவர்கள் அன்று ராயல் அகாடமியிலேயே நிறையப் பேர். 1790களில் ஆன் ஜெமைமா புரோவிஸ் என்ற இளம்பெண்ணும் அவள் தந்தையும் வெனிஸ் ஓவியர்களின் தொழில் ரகசியம் அடங்கிய பழஞ்சுவடி தங்களிடம் இருப்பதாகச் சொல்லி, அகாடமி ஓவியர்களிடம் தலைக்கு 10 கினி வாங்கினார்கள். அகாடமித் தலைவர் பெஞ்சமின் வெஸ்ட் உட்பட ஏமாந்தார்கள். 1797இல் ஜேம்ஸ் கில்ரே கேலிப்படம் போட்டு ஊர் சிரிக்க வைத்தார். அதே நகரில் அதே ஆவலோடு விற்பனையான இன்னொரு பண்டம் நிலக்கீல்.

நிலக்கீல் சாக்கடல் கரையிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் வந்த இயற்கைத் தார். அது எண்ணெயிலும் டர்பன்டைனிலும் கரையும். துகளாக மிதக்காமல் கரைந்தே போவதால் அதைப்போல ஒளி ஊடுருவும் பழுப்பு வேறில்லை. பூசிய மாத்திரத்தில் ஐந்து நிமிடத்தில் ரெம்பிராண்ட்! ஆனால் அதிலுள்ள சில சேர்மங்கள் எண்ணெய் ஆக்சிஜனை வாங்குவதையே தடுக்கின்றன. அம்பர் எண்ணெயைக் காயவைக்கும் என்றேன், நிலக்கீல் காயவிடாது. வெயில் காலத்தில் இளகும், குளிரில் இறுகும். அடியில் இளக்கம், மேலே உலர்ந்த தோல். மேல்தோல் சுருங்க, அடியில் பிடிப்பு இல்லாததால் வெடித்துப் பிளந்து தீவு தீவாக நகரும். படங்களைப் பாதுகாப்பவர்கள் இதை முதலைத்தோல் என்பார்கள். விரிசலின் இடுக்கிலிருந்து கரிய பசை பிதுங்குவதும் உண்டு.

ஷெரிக்கோவின் ‘மெதூசாவின் தெப்பம்’ பாரிசில் 1819ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 491 செ.மீ. உயரம், 716 செ.மீ. அகலம். கப்பல் உடைந்து தெப்பத்தில் மிதந்த மனிதர்களின் சடலங்களைச் சரியாகத் தீட்டப் பிணவறைக்கே போய்ப் பார்த்தவர் அவர். படத்தின் இருட்டு ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போயிற்று. ஷெரிக்கோ நிலக்கீலைத் தாராளமாகக் கையாண்டதே காரணம் என்பது காலங்காலமாகச் சொல்லப்படுவது. நாற்பது வருடத்திலேயே அதன் நிலைமை கவலை தர, 1859-60இல் இரண்டு ஓவியர்களை வைத்து முழு அளவில் ஒரு நகல் எடுத்தார்கள். அந்த நகல் ஆமியான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நிலக்கீலுக்கும் ஒரு நல்ல காலம் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. வெளிச்சம் பட்டால் அது கெட்டிப்பட்டுக் கரையாமல் நிற்கும். இந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டு நிசேஃபோர் நியேப்ஸ் 1826-27 வாக்கில் ஒரு தகட்டில் நிலக்கீலைப் பூசி, தம் வீட்டு ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கூரைகளைப் பதிவுசெய்தார். கேமராவில் எடுத்து இன்றுவரை எஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படம் அது. ஓவியர்களைக் கவிழ்த்த சரக்கு புகைப்படத்தைப் பெற்றெடுத்தது.

எல்லாப் பழியையும் நிலக்கீல் மேல் போடுவதும் நியாயமில்லை. லண்டன் நேஷனல் கேலரியின் ஆய்வகம் 1980களில் பழுப்புப் பூச்சுகளைக் கருவிகளால் சோதித்தபோது, நிலக்கீல் என்று பெயர்பெற்ற பல இடங்களில் அதைக் காணோம். பல பிரிட்டிஷ் படங்களில் குற்றவாளி வேறு. ஈயம் சேர்த்துக் காய்ச்சிய எண்ணெயோடு மாஸ்டிக் பிசின் வார்னிஷைக் கலந்து செய்த ‘மெகில்ப்’ என்ற கொழகொழப்பான கலவை, பளபளப்புக்காகச் சேர்த்தது. இதுவும் அதே ஆசையின் பிள்ளை. பொருள் மாறினாலும் வியாதி ஒன்றுதான்: பழைய படத்தின் முதுமையைப் புதுப் படத்துக்கு முதல்நாளே பூசிவிட வேண்டும் என்ற அவசரம்.

இப்போது மம்மிக்கு வருவோம். பாரசீக மலைகளில் பாறையிலிருந்து கசியும் ஒருவகைக் கீலை அரபு மருத்துவர்கள் மூமியா என்ற பெயரில் காயத்துக்கும் எலும்பு முறிவுக்கும் கொடுத்தார்கள். எகிப்தியப் பிணங்களின் மேலிருந்த கரிய பூச்சும் அதே சரக்கு என்று ஐரோப்பியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பூச்சில் பெரும்பகுதி மரப்பிசின். கீல் சேர்ந்தது பிற்காலத்து மம்மிகள் சிலவற்றில்தான். பூச்சைத் தேடிப்போனவர்கள் பிறகு பிணத்தையே சேர்த்துப் பொடித்தார்கள். மருந்துக் கடைகளில் மம்மிப் பொடி வாடிக்கையான சரக்கானது. தேவை கூட, போலியும் வந்தது. 1564இல் அலெக்சாண்டிரியாவுக்குப் போன கி த லா ஃபோந்தேன் என்ற பிரெஞ்சு மருத்துவர், அங்கே ஒரு வியாபாரி புதிதாக இறந்தவர்களின் உடல்களைக் கீல் அடைத்துக் காயவைத்து மம்மியாக விற்பதைக் கண்டார். இதைக் கேட்டு எழுதிவைத்தவர் அறுவை மருத்துவத்தில் பெரிய பெயரான அம்புருவாஸ் பாரே. அவர் 1582இல் மம்மி மருந்துக்கு எதிராக எழுதினார். அதே மருந்துக் கடையில் வண்ணமும் வாங்கிய ஓவியர்கள் கைக்கு இந்தப் பொடி போய்ச் சேர்ந்ததில் ஆச்சரியமே இல்லை.

ஜார்ஜ் ஃபீல்ட் என்ற ஆங்கில வண்ண ஆராய்ச்சியாளருக்கு ஓவியர் வில்லியம் பீச்சி மாதிரிக்கு ஒரு கட்டி மம்மி கொடுத்தார். அதில் விலா எலும்பு கிடந்தது. பூண்டும் அமோனியாவும் கலந்த நெடி அடித்தது என்றும், எளிதாக அரைபட்டது என்றும் ஃபீல்ட் குறிப்பு எழுதினார். உறுதியான வேறு பொருள்கள் இருக்க, யாரோ ஒருவரின் மனைவியைக் கித்தானில் பூசித்தான் ஆக வேண்டுமா என்ற தொனியில் 1835இல் வந்த தம் நூலில் கிண்டலும் செய்தார். அவர் அருவருப்பை மட்டும் சொல்லவில்லை. ஒரு மம்மிபோல் இன்னொன்று இராது. எது எவ்வளவு பிசின், எது எவ்வளவு எலும்பு என்பது யாருக்கும் தெரியாது. வண்ணம் என்ற முறையிலேயே நம்பத் தகாத பொருள்.

வாங்கிப் பூசியவர்களுக்கு இந்த விவரம் போய்ச் சேரவில்லை. 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் மடக்கிப் பிதுக்கும் தகர டியூபுக்குக் காப்புரிமை பெற்றார். அரைக்கும் கல்லும் சீடப்பிள்ளையும் பட்டறையை விட்டு வெளியேறினார்கள். மூடியைத் திருகினால் வண்ணம் வரும். எதிலிருந்து வந்தது என்று கை அறிய வழியில்லை. 1881இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வீட்டுக்கு இன்னொரு ஓவியர் லாரன்ஸ் அல்மா-டடேமா வந்திருந்தார். வண்ணக்காரர் பட்டறையில் ஒரு மம்மியை அரைக்கப்போகிறார்கள், வந்து பார்க்கும்படி தம்மை அழைத்திருக்கிறார்கள் என்றார். பர்ன்-ஜோன்ஸ் நம்பவில்லை. அந்தப் பெயர் நிறத்தின் சாயலுக்காக வைத்தது என்றே அத்தனை வருடமும் நினைத்திருந்தார். உண்மை என்று தெரிந்ததும் ஓடிப்போய்த் தம்மிடமிருந்த டியூபை எடுத்துவந்து, வீட்டார் சூழத் தோட்டத்தில் குழிவெட்டிப் புதைத்தார். மேலே ஒரு டெய்சிச் செடியும் நட்டார்கள். அவர் மனைவி ஜார்ஜியானா இதை எழுதியிருக்கிறார். ஜார்ஜியானாவின் சகோதரி மகன் ருட்யார்ட் கிப்ளிங்கும் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இந்தச் சம்பவத்தை எழுதுபவர்கள் பர்ன்-ஜோன்ஸின் இளகிய மனசைப் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் படுவது அவருடைய அறியாமை. சென்னினி காவி நரம்பைக் கத்தியால் தொடர்ந்து போனார். ஐந்நூறு வருடத்துக்குப் பிறகு அதே தொழிலின் முன்னணிக் கலைஞர் ஒருவருக்குத் தம் டியூபில் இருப்பது மனிதன் என்பது தேநீர்ப் பேச்சில்தான் தெரியவருகிறது. குற்றத்தை அவர்மேல் சுமத்தி என்ன பயன்? ரசனை இன்னது என்று ஆணையிட்ட சீமான்களும், கேட்டதைக் கேட்டபடி டியூபில் அடைத்துக் கொடுத்த வியாபாரிகளும்தான் முதலில் பொறுப்பு.

மம்மி வியாபாரம் அதன்பின்னும் மெல்லமெல்லத்தான் ஓய்ந்தது. 1964இல் லண்டனின் பழம்பெரும் ராபர்சன் வண்ண நிறுவனத்தின் மேலாளர் ‘டைம்’ இதழிடம், கைகால் ஒன்றிரண்டு எங்காவது கிடக்கலாம், வண்ணம் செய்யப் போதாது என்ற வகையில் பதில் சொன்னார். கடைசி முழு மம்மியைச் சில வருடங்களுக்கு முன் 3 பவுண்டு வாக்கில் விற்றுவிட்டார்களாம்.

அதற்குள் ஓவியர்களே பழுப்பைக் கைவிட்டிருந்தார்கள். வான்கோ 1885இல் ‘உருளைக்கிழங்கு தின்போர்’ படத்தைத் தோல் உரிக்காத கிழங்கின் நிறத்தில் முழுக்கப் பழுப்பாகவே தீட்டினார். அடுத்த ஆண்டு பாரிஸ் போனதும் அந்தப் பழுப்பு அவர் பலகையிலிருந்து வேகமாக விலகியது. மோனே 1905இல் எழுதிய கடிதத்தில் தாம் பயன்படுத்தும் வண்ணங்களைப் பட்டியலிட்டார். வெள்ளை, மஞ்சள், இரு சிவப்புகள், நீலம், பச்சை. பழுப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. நிழல் ஊதாவாகவும் நீலமாகவும் ஆகிவிட்ட பிறகு யாருக்கு வேண்டும் கல்லறைப் பொடி?

இன்று விற்கும் பழுப்புகள் பெரும்பாலும் இயற்கை மண்ணோ, ஆலையில் செய்த இரும்பு ஆக்சைடோதான். ‘மம்மி பிரவுன்’ என்ற பெயரில் வருவதும் இரும்புக் கனிமக் கலவையே. எண்ணெய் வண்ணம் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: டியூபின் முன்பக்கத்து அழகான பெயரை நம்பாதீர்கள், அது வியாபாரியின் விருப்பம். பின்பக்கம் பொடி எழுத்தில் நிறமிக் குறியீடு இருக்கும். பி-பி-ஆர் 7 என்றிருந்தால் சியன்னா, அம்பர் வகை மண். நிறம் மாறாது, தைரியமாக அடிப்பூச்சு போடலாம். என்-பி-ஆர் 8 என்றிருந்தால் அது அந்தப் பழைய காசல் மண்; நிலைக்க வேண்டிய படத்துக்கு வேண்டாம். குறியீடே போடாத டியூபைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.